பதினேழு வோல்ட்டை ஒன்பதாக்கியது பற்றி அம்மாவுக்கு

என் அம்மாவுக்கு,

முதலில் ஊர்ச் செய்தி. எருத்தேன்பதியில் கரண்ட் நன்றாகிவிட்டது. அரிசி மில் திருப்பத்தில் புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும்போதும் நம் கூடத்து விளக்கு மங்குவதில்லை. மிக்சியில் தேங்காய் மை போல அரைகிறது. டியூப்லைட் சுவிட்சைத் தட்டியதும் எரிகிறது. நீ அதன் கீழே நின்று தலையில் ஒரு தட்டுத் தட்டுவாயே, அந்த வேலை இப்போது யாருக்கும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி சித்தப்பா வந்து நம் வீட்டு மின்விசிறியின் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "இத்தன வருசமா ஃபேன் சுத்துதுன்னு நெனச்சுட்டு இருந்தேன் அம்மிணி. இப்பத்தான் தெரியுது, அது சும்மா காத்துக்கு ஆடிட்டு இருந்திருக்குது" என்றார். நீ இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். நான் சிரித்துவைத்தேன்.

உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போட்டு நான்கு வரி கொடுக்கலாம் என்று சொன்னவரும் சித்தப்பாதான். அந்த நான்கு வரிகளை நான் பலமுறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கும் வேலைதான் இப்போதும். பெயரை மாற்றினால் அந்த வரிகள் யாருக்கும் பொருந்தும். உனக்கு மட்டும் பொருந்துவதாக ஒன்றை எழுதவேண்டும் என்று நினைத்தேன். அதனால் அதே பத்திரிகைக்கு இந்தக் கடிதம். என் விஷயங்களை நான் வெளியே சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இது பெரும்பாலும் உன் மரப்பெட்டியைப் பற்றியது.

படிப்பவர்களுக்காக அந்தப் பெட்டியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கோயம்புத்தூரில் வாங்கிய காது மிஷின் தோட்டத்து வேர்வையில் ஊளையிட்டது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். ஒரு நாள் வாய்க்காலில் குனிந்தபோது அது தண்ணீரோடு போய்விட்டது. இன்னொன்று வாங்க அவர் சம்மதிக்கவில்லை. அப்போது நீ சாப்பாட்டு மேசைமேல் ஒரு மைக்கை வைத்தாய். அதன் சத்தத்தைப் பெருக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு சர்க்யூட் பலகை. அப்பாவுக்குப் பெரிய ஹெட்போன். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்க, பழைய மர சுவிட்சுப் பெட்டிக்குள் நீயே கட்டிய ஒரு பவர் சப்ளை. கஞ்சிக்கோட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் சின்னக் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நீ பார்த்த வேலை அதற்கு உதவியது.

சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்து அப்பா ஹெட்போனை மாட்டிக்கொள்வார். அதுவரை அவரிடம் பேசவேண்டியதையெல்லாம் நாம் சேர்த்துவைத்திருப்போம். நீ மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உரம் விலையிலிருந்து ஊர்ப் பஞ்சாயத்து வரை சொல்வாய். நான் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். நான் பேச வேண்டிய தேவை வந்ததில்லை.

நீ போன பிறகும் அந்த வழக்கம் ஓரளவு நடந்தது. நான் மைக்கின் முன்னால் உட்கார்ந்து அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதைச் சொல்வேன். அப்பா கேட்டுக்கொள்வார். ஹெட்போனை மாட்டியிருக்கும்போது சில சமயம் என்னையே பார்த்துக்கொண்டு, ஏதோ கேட்கப்போகிறவர் போல வாயைத் திறந்து, பிறகு கழற்றி வைத்துவிடுவார். என் கல்யாணப் பேச்சாக இருக்கும் என்று நினைத்து நானும் எழுந்துவிடுவேன்.

புதிய டிரான்ஸ்பார்மர் வந்த வாரம், ஹெட்போனில் சத்தம் கரகரவென்று வருவதாக அப்பா சொன்னார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதில் டமார் என்று ஒரு வெடி. எனக்கே மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்பா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். பலகையிலிருந்து கருகல் வாசனை வந்தது. அதிலிருந்த சின்னக் கறுப்புச் சில்லின் முதுகு வெடித்திருந்தது.

பாலக்காட்டில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். மிச்சமிருப்பது போகவில்லை, ஆனால் இன்னொரு முறை இப்படிச் சத்தம் பட்டால் தான் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். புதுக் காது மிஷினுக்கும் சீட்டு எழுதினார். அப்பா பேருந்தில் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

பிறகு வீட்டில் பேச்சே இல்லை. அப்பா பேசுவார். அவருக்குப் பதில் கேட்காது. "தண்ணி காஞ்சிருச்சா?" என்பார், நான் தலையாட்டுவேன். "சித்தூருக்குப் போறயா?" என்பார், தலையாட்டுவேன். இரண்டு சொல்லில் முடியாத எதையும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கத்திப் பேசலாம், சித்தப்பா அப்படித்தான் பேசுகிறார். எனக்குக் கத்த வராது அம்மா. கத்தும்போது சொல்லும் விஷயம் மாறிவிடுகிறது. "சாப்பிட்டீங்களா" என்பதைக்கூடச் சண்டை போல்தான் சொல்லமுடிகிறது.

உன் முள் மீட்டரை எடுத்துப் பெட்டியிலிருந்து வரும் வயரில் வைத்துப் பார்த்தேன். பதினேழு வோல்ட். பலகையின் ஓரத்தில் உன் கையெழுத்தில் ஒன்பது என்று எழுதியிருந்தது. ஒன்பது கேட்கும் இடத்தில் பதினேழு போனால் வெடிக்காமல் என்ன செய்யும்? அதைக் குறைக்கவேண்டும். குறைத்துக் காட்டினால் ஒழிய அப்பா அதைக் காதில் வைக்கப்போவதில்லை.

நம் பாலக்காட்டுச் சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உண்ணியேட்டன் கடை இருக்கிறதல்லவா, நீ ரேடியோ சாமான் வாங்கும் கடை. அங்கே போய் வெடித்த சில்லுக்குப் பதில் ஒன்றும், ரெசிஸ்டர் சிலதும் கேட்டேன்.

"எதுக்கானு?" என்றார், பாதி மலையாளத்தில்.

"ஒரு சின்ன வேலைக்கு."

"சின்ன வேலன்னா எத்தன வோல்ட், எத்தன கரண்ட்?"

"நானே பாத்துக்கறேன் ஏட்டா."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அம்மயும் மோளும் ரெண்டு ஜாதி. அவங்க வந்தா கட அடைக்கிற வரைக்கும் சம்சாரம், ஒரே பேச்சு. நீ வாயே திறக்கமாட்டே" என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

செல்போனில் பார்த்ததை வைத்துக்கொண்டு ஒரு ரெசிஸ்டரை வயரில் இடைச்செருகினேன். மீட்டரை வைத்தேன். பதினேழு. இன்னும் பெரிய ரெசிஸ்டர் வைத்தேன். பதினேழு. கையிலிருந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு புதுச் சில்லை மாட்டி, பலகையை இணைத்து, ஹெட்போனை என் காதில் வைத்துக்கொண்டு மைக்கில் பேசினேன். மெதுவாகப் பேசினால் கேட்டது. கொஞ்சம் உரக்கப் பேசியதும் என் குரல் கிணற்றுக்குள் போய் மறுபடி மேலே வந்தது. வார்த்தையின் தலை கேட்டது, வால் கேட்கவில்லை.

இதை நான் பெட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். மேசைமேல் கிடந்ததைப் பார்த்தார்.

"எதுக்கு அம்மிணி அதப் பிரிச்சே?"

"கரண்ட் அதிகமா வருதுங்கப்பா. கொறைக்கோணும்."

அவருக்குக் கேட்கவில்லை. "அது உங்கொம்மா கட்டுனது. அவ கட்டுனத நீ ஏன் பிரிக்கறே?"

"பிரிக்காம எப்பிடிங்கப்பா சரி பண்றது?"

"சரியாத்தான் இருந்துச்சு. அவ இருந்த வரைக்கும் ஒரு நாளாச்சும் வெடிச்சுதா?"

நான் வெடித்த சில்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எதுக்கு என்ற கிட்டக் குடுக்கறே? மூடி வெச்சுரு சாமி. எரிஞ்சாலும் அது அவ கட்டுனதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சில்லைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரு பக்கம் மட்டும் காதில் விழுந்த சண்டை. எதிர்ப்பக்கத்தில் நான் சொன்னதெல்லாம் நியாயம்தான், ஆனால் அது யாரிடமும் போய்ச் சேரவில்லை. அவர் சொன்னதையும் என்னால் தள்ள முடியவில்லை. நீ ஈயம் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றும் அரிசிமணி போல ஒரே அளவில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் என்னுடையவை எச்சம் போலக் கிடந்தன. திருத்தும் தொழிலில் இருப்பவளுக்கு இது தெரியவேண்டும்: ஆசிரியர் உயிரோடு இல்லாத பிரதியில் ஒரு கமாவை எடுப்பதற்கும் யோசிப்போம். நீ தெரிந்து செய்திருந்தால்? பதினேழுக்கு ஏதாவது காரணம் இருந்தால்?

மறுநாள் பெட்டியையே பையில் போட்டுக்கொண்டு உண்ணியேட்டனிடம் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் காது, வெடி, டாக்டர், என் ரெசிஸ்டர்கள். சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. இடையில் இரண்டு பேர் வந்து சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"பலக மாட்டாம அளந்தியா?" என்றார்.

"ஆமா."

அவர் சிரித்தார். "ஓடாத்த தண்ணிக்கு வாய்க்கால் சின்னதானாலும் பெரிசானாலும் ஒண்ணுதான் மோளே. ஓடுறப்பத்தான் மட்டம் எறங்கும். நீ சத்தமாப் பேசுனா நெறய ஓடும், நெறய எறங்கும். அதான் உன் குரல் முங்கி முங்கி வந்தது. ரெசிஸ்டர் வெச்சு இதச் செய்யக் கூடாது."

பிறகு பெட்டியைத் திறந்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பேனா நுனியால் ஓர் இடத்தைக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் மூன்று துளைகள். முதல் துளைக்கும் மூன்றாவது துளைக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பியைப் பாலம் போல வைத்து ஈயம் பற்றியிருந்தது. நடுத்துளை காலியாக இருந்தது. நானும் அதைப் பார்த்திருந்தேன். அதுவும் ஒரு வயர் என்று விட்டுவிட்டேன்.

"இங்கே ரெகுலேட்டர் இருந்தது. மூணு கால் உள்ள சாதனம். எத்தன வந்தாலும் ஒம்பதாக்கி விடும். யாரோ எடுத்திட்டுக் கம்பி போட்டிருக்கு."

"கெட்டுப் போயிருக்குமா?"

"கெட்டா வேற வெக்கும். இது பத்து ரூபாச் சாமான். அம்மா என்கிட்டத்தான் வாங்கியது, எனக்கு ஓர்மயுண்டு, நல்ல ஞாபகம்." அவர் கொஞ்சம் யோசித்தார். "மோளே, உங்க அங்கே வைகுந்நேரம், சாயங்காலம், வோல்டேஜ் எத்தன இருந்தது?"

"டியூப்லைட் எரியாது."

"அப்போ அதுதான்" என்றார்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தவறிருந்தால் மன்னித்துவிடு. அந்த மூன்று கால் சாமான் ஒன்பதைக் கொடுக்கவேண்டுமென்றால் அதற்குள் ஒன்பதைவிட இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக வரவேண்டும். சாயங்காலம் ஊர் முழுக்க மோட்டார் ஓடி வீட்டுக் கரண்ட் இறங்கும்போது அந்தக் கூடுதல் வருவதில்லை. அப்போது அது திணறும். ஹெட்போனில் ங்ங்ங் என்று ஓர் இரைச்சல் கிளம்பி, பேச்சை மூடிவிடும். அப்பாவுக்குக் காது கேட்கவேண்டிய நேரம் அந்தச் சாயங்காலம் மட்டும்தான். அதனால் நீ ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டு, வருவதை அப்படியே போகவிட்டாய். சாயங்காலத்துக் கரண்ட்டில் அது தானாகவே பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும். இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பேச்சு தெளிவாகியிருக்கும்.

ஆக, பதினேழு உன் கணக்கில் இல்லை. நம் ஊர்க் கரண்ட் ஒரு நாள் சரியாகும் என்பதுதான் உன் கணக்கில் இல்லை. அதை எதிர்பார்க்காததற்கு உன்னை யார் குறை சொல்லமுடியும்? கரண்ட் ஆபீசுக்கு ஊர்க்காரர்கள் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குறையையே நிரந்தரமாக எடுத்துக்கொண்டு, அதற்கேற்பக் கருவியை வளைத்தாய். மோட்டாருக்கு வேறு கண்டன்சர், மாவரைக்க விடிகாலை, டியூப்லைட்டுக்கு ஒரு தட்டு. நம் வீட்டில் எத்தனை பொருள்கள், எத்தனை பழக்கங்கள் இப்படிக் குறைந்த கரண்ட்டை வைத்தே அமைந்தவை என்று அன்றைக்குப் பேருந்தில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். குறை போனதும் அவையெல்லாம் அதிகப்படியாகிவிட்டன. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, என் ரெசிஸ்டர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, உன் கம்பியை எடுத்தேன். சுலபமாக வரவில்லை. சூடு வைத்து, ஈயத்தை உறிஞ்சி, மறுபடி சூடு வைத்து, கடைசியில் ஒரு முனையை வெட்டித்தான் எடுக்கமுடிந்தது. மூன்று துளைகளில் உண்ணியேட்டன் கொடுத்த புது ரெகுலேட்டரின் மூன்று கால்களை விட்டு ஈயம் வைத்தேன். முதுகுக்கு ஒரு அலுமினியத் தகடும் மாட்டினேன், சூடு ஆற. பிளக்கைச் செருகி மீட்டரை வைத்தேன். ஒன்பது. பலகையை இணைத்து, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கத்திப் பார்த்தேன். எனக்குக் கத்த வராது என்று சொன்னேனே, ஆளில்லாத வீட்டில் கத்தினேன். ஒன்பதுதான்.

இனி அப்பாவை நம்பவைக்கவேண்டும். சொல்லி நம்பவைக்க வழியில்லை. அதனால் மீட்டரைப் பெட்டியோடு இணைத்து, முள் தெரியும்படி மேசையின் அவர் பக்கத்தில் திருப்பிவைத்தேன்.

முள்ளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் பெட்டியில் இருக்கும் முள்ளைப் பார்க்காமல் நம் ஊரில் யார் சுவிட்சைத் தொடுவார்கள்? முள் மேலே இருந்தால் போடுவார்கள். சாயங்காலம் அது சாய ஆரம்பித்தால், பாதி வயல் பாயாமல் கிடந்தாலும் ஓடிப்போய் நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் காயில் கருகிவிடும்.

அப்பா காப்பி குடிக்கும்போது முள்ளைப் பார்த்தார். மத்தியானம் பார்த்தார். சாயங்காலம் சித்தப்பா தோட்டத்திலும் நம் தோட்டத்திலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்காகவே வீட்டுக்கு நடந்துவந்து பார்த்தார். கண்ணாடியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார், முள் சிக்கிக்கொண்டிருக்கிறதோ என்று. சில நாள் இப்படியே போனது. நான் என் மெய்ப்புத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரியிலிருந்து ஹெட்போனை எடுத்தார். வேட்டி முனையால் துடைத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து வலது காதுக்கு மேலே கொஞ்சம் தூக்கியே பிடித்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து மாட்டினார்.

"கரண்ட் போயிருச்சா அம்மிணி?" என்றார்.

நான் மைக்கை இழுத்துக்கொண்டேன். "இல்லீங்கப்பா. இருக்குது."

அவர் திடுக்கிட்டார். "அந்த எரைச்சல் எங்க?"

"இப்ப வராதுங்கப்பா."

"அது என்ற காதுக்குள்ள இருக்கற எரைச்சல்ன்னு நெனச்சுட்டு இருந்தேன். பெட்டியோடதா?"

"பெட்டியோடதுதானுங்க."

பிறகு அவர் மைக்கில் பட்டு வந்த சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் தாளைப் புரட்டியபோது என் கையைப் பார்த்தார். அன்றைக்கு யாரும் வரவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் கேட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில உங்கொம்மா என்ற கிட்ட என்னமோ சொன்னாளே. நீ பக்கத்துல நின்னுட்டு இருந்தே. என்ன சொன்னா?"

அம்மா, நாம் மூன்று பேரும் கடைசியாக ஒன்றாக இருந்த அந்தச் சாயங்காலம் உனக்கு எவ்வளவு நினைவிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு நெஞ்சு வலி வந்து நானும் வாடகைக் கார் டிரைவரும் உன்னைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோன பிறகு, சித்தப்பா தோட்டத்துக்கு ஓடி, அப்பாவை நின்ற கோலத்தில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பாவின் கால் முழுக்கச் சேறு. உள்ளே விட்டதே பெரிது. நீ அவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் பேசினாய். அவர் குனிந்தார், உன் உதட்டைப் பார்த்தார், தலையாட்டினார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நிம்மதியாகத்தான் மூடினாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

இத்தனை காலமும் அவர் வாயைத் திறந்து மூடியது இதற்குத்தானா? ஹெட்போன் இல்லாமல் இந்தப் பதிலை வாங்க வழியில்லை. மாட்டியிருந்தபோது என்னிடம் கேட்க மனம் துணியவில்லை. பிறகு அது வெடித்து, கேட்க நினைத்தாலும் முடியாமல் போனது. என் கல்யாணத்தை முடிக்கச் சொல்லியிருப்பாய், அல்லது அவர் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பாய் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று தெரியாமலே ஒரு மனிதர் அதைச் சுமந்துகொண்டு உரம் வைத்திருக்கிறார், தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்.

நான் படித்த புத்தகங்களில் சாகிறவர்கள் நல்ல வாக்கியங்கள் பேசுவார்கள். அவற்றில் ஒன்றை உன் பெயரில் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

"மோட்டார ஆஃப் பண்ணிட்டு வந்தீங்களான்னு கேட்டுச்சுங்கப்பா" என்றேன்.

அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். "இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணல அம்மிணி. அப்பிடியே உட்டுட்டு வண்டி ஏறீட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே காயில் எரிஞ்சு போச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு போய்ப் பாத்தா, தோட்டமே கருகல் நாத்தம். உங்கிட்டக்கூடச் சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடசியா ஒண்ணு கேட்டா. அதுக்கும் பொய் சொல்லி அனுப்பிப் போட்டேன்."

"உங்களுக்குக் கேக்கலைங்கப்பா. கேக்காமச் சொன்னது பொய்யாகாது."

"கேக்காமத் தலையாட்டுனது மட்டும் என்னவாமா?" என்றார்.

ஹெட்போன் அலமாரியில் இருந்த நாட்களில் அவர் கேட்டதற்கெல்லாம் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் காது கேட்காது. எனக்கு நன்றாகக் கேட்டது.

அன்றைக்கு வெகுநேரம் பேசினோம். காயில் கட்டக் கொடுத்த கதை, உன்னைப் பெண் பார்க்க வாளையாருக்கு வந்தபோது நீ அவர் டார்ச் லைட்டைப் பிரித்துப் பார்த்த கதை. நானும் சொன்னேன். எந்தப் புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறேன், அதில் என்ன இருக்கிறது, ஏன் யாரிடமும் பேசாமல் இருக்கிறேன் என்பதுவரை. கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்டார். இப்போதைக்கு விருப்பமில்லை என்று மைக்கில் சொன்னேன். "செரி" என்றார். இவ்வளவு சின்னதாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

மோட்டாரைப் பற்றி உனக்கு அவர் கொடுத்த பதில் தவறு என்பதைத் தெரியப்படுத்தும்படி என்னிடம் சொன்னார். தெரியப்படுத்திவிட்டேன். இப்போது புதுக் காயில், நல்ல கரண்ட். மறந்து விட்டுவிட்டு வந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார். ஆனாலும் போய் நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன் அம்மா. பெட்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், அப்பா என்னிடம் கேட்கும் எதற்கும் இனி நான் தலையாட்டிவிட்டுப் போகமாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயைத் திறந்து, முழுசாகச் சொல்வேன். கத்தவேண்டியிருந்தால் கத்தியும் சொல்வேன்.

உன்னைவிடக் குறைவாகப் பேசும்,
உன் ஒரே மகள்